பழைய வீட்டுக்கு ஒரு பழுதுச் சீட்டு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பழைய வீடு பார்க்கப் போகிறவருக்கு வீட்டுக்குள் கிடைப்பது அரை மணி நேரம். அதில் பத்து நிமிடம் தரகரின் பேச்சில் போய்விடும். மிச்ச நேரத்தில் ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை, மொட்டைமாடி. "ஸ்ட்ராங்கான வீடு சார், அந்தக் காலத்து வேலை. லேசா பெயின்ட் அடிச்சாப் போதும், மறுநாளே வாடகைக்கு ஆள் வரும்" என்ற வாக்கியம் எங்கும் தப்பாமல் காதில் விழும். அடுத்த வாரம் முன்பணம், அதற்கடுத்த மாதம் பத்திரப் பதிவு. சாவி கைக்கு வந்த பிறகுதான் மேஸ்திரி வருகிறார். அவர் சுவரைப் பார்ப்பதில்லை. நேராகத் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கிறார். அப்புறம்தான் உண்மையான செலவு என்னவென்று தெரிய ஆரம்பிக்கிறது.

வாங்குகிறவர்கள் அசட்டையானவர்கள் என்று சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறார்கள். மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதத்தை வக்கீலிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குகிறார்கள். காகிதத்துக்கு இத்தனை பார்க்கிறவர்கள் கட்டடத்தைக் காட்ட ஒரு இன்ஜினீயரைக் கூட்டிப்போவது அபூர்வம். காரணம் எளிது: இங்கே பேரம் நடப்பது மனைக்கு. 'இந்தப் பக்கம் கிரவுண்டு என்ன போகுது' என்பதே கேள்வி. கட்டடம் மனையோடு கூடவே வருகிற பொருள். இலவசமாக வருவதுபோல் ஒரு தோற்றம்.

அது இலவசம் இல்லை என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு தொகையாக எழுதிவிட முடியும், அந்த அரை மணியிலேயே முடியும் என்பது என் கட்சி. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்தத் தொகையை எழுதத் தேவையான தகவலில் பாதி ஏற்கெனவே பதிவுத்துறையிடமும் வங்கிகளிடமும் கோப்பில் கிடக்கிறது. வாங்குபவர் கண்ணுக்கு மட்டும் அது படுவதில்லை.

தொழிலாளிகள் கட்டிய வீடுகள்

இந்த வட்டாரத்தின் பழைய வீடுகளுக்கு ஒரு வயது இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. டி.ஐ. சைக்கிள்ஸும் டன்லப்பும் அதற்கும் முன்பே இங்கு உண்டு. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள். ஆவடியில் 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை, அதையொட்டிப் படைத்துறை சார்ந்த பிற நிறுவனங்கள். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு தலைமுறை, வருங்கால வைப்பு நிதியிலும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கடனிலும் பணம் புரட்டி, கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு மனைகளில் வீடு கட்டியது. பெரும்பாலும் எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகள் வரை. முதலில் தரைத்தளம். பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மேலே ஒரு போர்ஷன். அந்த மேல்தளத்துக்கு அனுமதி வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் தெருவே சிரிக்கும்.

கட்டியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. சிலர் இல்லை. பிள்ளைகள் ஒரகடத்திலோ பெங்களூரிலோ டல்லஸிலோ இருக்கிறார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையின் எளிய வழி, விற்றுப் பணமாகப் பிரிப்பது. இன்னொரு பக்கம் மனை விலை ஏறுகிறது. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆவடி 2019-ல் தானே மாநகராட்சியானது. பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்கா திறந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை இரண்டாம் கட்ட மெட்ரோவின் நான்காவது வழித்தடம். நாற்பது வயதுக் கட்டடமும் புது விலை மனையும் ஒரே பத்திரத்தில் கைமாறுகின்றன. முதலீட்டுக்காக வாங்குகிறவர் மனையின் ஏறுமுகத்தைப் பார்த்து வருகிறார். கட்டடத்தின் இறங்குமுகத்தை விலைக்கு வாங்கிக்கொள்கிறார்.

அமெரிக்காவில் பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு விற்கிறவர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. செப்பனிட்ட பின் வீடு என்ன விலைக்குப் போகுமோ அதில் எழுபது சதவீதத்தை எடு, அதிலிருந்து பழுதுச் செலவைக் கழி, மிச்சம்தான் நீ தரக்கூடிய உச்ச விலை. நம் ஊர் யூடியூப் வகுப்புகளிலும் இந்தச் சூத்திரம் இறக்குமதியாகியிருக்கிறது. ஆவடியில் அது செல்லாது. இங்கே பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வாங்கும்போதே ஒன்பது சதவீதம் போய்விடுகிறது. இருபத்து நான்கு மாதத்துக்குள் விற்றால் லாபம் முழுவதும் வருமான வரியில் அவரவர் அடுக்குக்கு ஏற்பக் குறுகிய கால ஆதாயமாகப் பிடிபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, விலையின் பெரும்பகுதி மண்ணின் விலை. டைல்ஸ் மாற்றியதால் மண்ணின் விலை ஏறாது. ஆகவே பழைய வீட்டை வாங்குகிறவருக்கு இங்கே இரண்டே வழி: வாடகைக்கு விட்டுக் காத்திருப்பது, அல்லது இடித்துக் கட்டுவது. பழுதுக் கணக்கு போடுவதே இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளத்தான்.

முதலில் தலைக்கு மேலே

அரை மணியில் சுவரின் நிறத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தையும் வீணாக்கக் கூடாது. முதல் பத்து நிமிடம் கூரைக்கு.

கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்த தளத்தில் கம்பியைக் காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்க, அந்தக் காரம் குறைகிறது. மேலே தட்டோடு விரிசல் விட்டு மழைநீரும் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடம் கேட்கும். அதனால் கீழ்ப்பக்கத்துக் காரை வெடித்து விழுகிறது. மேஸ்திரிகள் 'கம்பி ஊதிடுச்சு' என்கிறார்கள். இவ்வளவு நேரம் நான் சொன்ன வேதியியல் முழுவதும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடுகிறது. அந்தக் காலத்து வேலை என்றால் கெட்டி என்ற நம்பிக்கைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, 1978 பதிப்பில் எம்-15 தரக் கலவையை அனுமதித்தது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்புதான் கம்பிபோட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-20 வேண்டும் என்றது. அதிலும் இந்த வீடுகளில் பல, கலவை இயந்திரம்கூட இல்லாமல் தரையில் கொட்டிச் சட்டியில் சுமந்து போட்ட கான்கிரீட். தண்ணீர் எவ்வளவு ஊற்றினார்கள் என்பது அன்றைய சித்தாளுக்குத்தான் வெளிச்சம்.

ஹாலின் கூரையைப் பார்த்துப் பயனில்லை. விற்பதற்கு முன் அங்கே பட்டி பார்த்து வெள்ளையடித்திருப்பார்கள். ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடின் அடிப்பக்கம், கழிப்பறைக் கூரை, மாடிப்படியின் அடி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே உள்ள அறை: நோய் முதலில் தலைகாட்டுவது இந்த இடங்களில். ஒரு ஒட்டடைக் குச்சியால் கூரையைத் தட்டிக்கொண்டே போனால், பிடிப்பு விட்ட இடத்தில் சத்தம் பொத்தென்று மாறும். அதற்குப் பயிற்சி தேவையில்லை, காது போதும். புதிதாகப் போட்ட ஃபால்ஸ் சீலிங் ஒரு அறையில் மட்டும் இருந்தால் அதன் மேலே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பதில் எப்படி வருகிறது என்பதே ஒரு தகவல்.

ஒன்றிரண்டு திட்டுகளில் கம்பி தெரிந்தால் செதுக்கி, துருவைத் தேய்த்து, பூச்சு கொடுத்து, மறுபடி பூசிவிடலாம். பாதித் தளம் பொத்தென்று கேட்டால் அந்த இடத்தோடு பழுதுக் கணக்கை நிறுத்திவிட வேண்டும். அது இடிக்க வேண்டிய கட்டடம். மனை விலையிலிருந்து இடிப்புக் கூலியைக் கழித்துக்கொண்டு பேசலாம், அவ்வளவுதான். திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் இருந்த தொகுதி சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்கூட்டி வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அரசு கட்டியது, தனியார் கட்டியது என்ற வேறுபாடு துருவுக்குக் கிடையாது.

அடுத்து காலுக்குக் கீழே

இந்த வட்டாரத்தின் இன்னொரு தனிச் செலவு தரைமட்டம். இது ஏரிகளின் நாடு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம், நடுவே கூவம். ஒருகாலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த தாழ்ந்த நிலங்கள் பல நகர்களாகிவிட்டன. அதோடு சாலை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டு, முப்பது வருடத்தில் சாலை ஏற, வீடு அதே இடத்தில் நிற்க, வாசற்படி கீழ்நோக்கிப் போகிற வீடுகள் உருவாகிவிட்டன. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் கண்டிப்பாக எழுதினார். அதற்குள் ஏறியது ஏறியதுதான். 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. பக்கத்து நகர்கள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளம் வந்ததா என்று விற்பவரிடம் கேட்டால் 'தெருவில் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை' என்பார். சுவரைக் கேட்பது நல்லது. தண்ணீரோடு வாழப் பழகிய வீட்டில் ப்ளக் பாயின்ட்டுகள் இடுப்புயரத்துக்கு ஏறியிருக்கும். மீட்டர் பலகை பழைய இடத்திலிருந்து நகர்ந்த தடம் இருக்கும். கதவு நிலையின் அடிப்பகுதி மட்டும் வேறு மரமாக ஒட்டுப்போட்டிருக்கும். சுவரின் கீழ் மூன்றடிக்கு உப்புப் பூத்து, பெயின்ட் குமிழ் விட்டிருந்தால் அது ஓதம். அதன் மேல் எந்த விலையுயர்ந்த பெயின்ட்டை அடித்தாலும் அடுத்த மழைக்கு உதிரும்.

தரைமட்டத்தை உயர்த்த இரண்டு வழி உண்டு. உள்ளே மண் கொட்டித் தரையை ஏற்றினால் கதவு, ஜன்னல், கழிப்பறை, சமையல் மேடை எல்லாம் கூடவே ஏற வேண்டும். கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மின்விசிறியில் கை படும். இன்னொன்று, வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது. ஹரியானாவிலிருந்து வந்த குழுக்கள் சென்னையில் பல வீடுகளை இப்படித் தூக்கிக் காட்டியிருக்கின்றன, பார்க்க வியப்பாகவே இருக்கும். ஆனால் தூக்கிய பின் தரை, குழாய், கழிவுநீர்த் தொடர்பு எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். கம்பி ஊதிய கூரையுள்ள வீட்டைத் தூக்குவது, சாவின் வாசல்வரை போன நோயாளியைப் பல்லக்கில் ஏற்றி ஊர்வலம் விடுவது மாதிரி. சாலையைவிட ஒன்றரை அடிக்குமேல் தாழ்ந்த வீடு என்றால் அதை வாடகை வீடாக நினைக்காமல் மனையாக நினைப்பதே நல்லது என்பேன்.

குழாயும் கழிவுநீரும் அதிக நேரம் கேட்காதவை. பழைய ஜி.ஐ. குழாய் உள்ளே துரு அடைத்திருக்கும். குழாயைத் திறந்து ஒரு பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் போதும். தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா, வந்திருந்தால் இந்த வீட்டுக்கு இணைப்பு உண்டா, இல்லை என்றால் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு, விற்கிற பிள்ளைகளுக்கே பதில் தெரியாத வீடுகள் உண்டு. அப்பாவுக்குத் தெரியும் என்பார்கள்.

சதுரக் கணக்கு

இனி எண்கள். நம் மேஸ்திரிகள் நூறு சதுர அடியை ஒரு சதுரம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பொதுப்பணித் துறைகள் தளப்பரப்புக்கு ஒரு விலைவிகிதம் வைத்துத் தோராய மதிப்பீடு போடுவதும் இதே முறையில்தான். வேகமான கணக்குக்கு இதைவிட நல்ல அளவு இல்லை.

திருமுல்லைவாயல் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. எண்பதுகளின் கடைசியில் கட்டிய தரைத்தளம், இருபதுக்கு நாற்பது, எட்டுச் சதுரம். கேட்கும் விலை 70 லட்சம். கூரை தட்டிப் பார்த்ததில் தேறிவிட்டது, வீடு சாலை மட்டத்தில் இருக்கிறது. அறைகளின் சுவரும் கூரையும் சேர்ந்த பரப்பு, தரைப் பரப்பைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு வரும். ஆக உள்ளே 2,800 சதுர அடி. வெளிச்சுவர் கைப்பிடிச் சுவர் உயரம் வரை சுமார் 1,560. பட்டி பார்த்து இரண்டு கோட்டுக்குச் சதுர அடி 25 ரூபாய் என்றால் 1.1 லட்சத்தை ஒட்டி வரும். தரைக்கு டைல்ஸ், கலவை, கூலி எல்லாம் சேர்த்து 130 ரூபாய் வீதம் 1.04 லட்சம். மொட்டைமாடியில் பழைய தட்டோட்டையும் சுர்க்கியையும் எடுத்துவிட்டு, நீர்க்காப்பு செய்து வெள்ளை டைல்ஸ் பதிக்க 150 ரூபாய் வீதம் 1.2 லட்சம். குளியலறை ஒன்று, தரையைத் தோண்டிக் குழாய் மாற்றி முடிக்க 1.2 லட்சம். சமையலறைக்கு ஒரு லட்சம். மின்சாரத்தைப் பரப்பால் கணக்கிடுவதில்லை, பாயின்ட்டால் கணக்கிடுவார்கள். நாற்பத்தைந்து பாயின்ட்டும் புது போர்டும் 80 ஆயிரம். சம்ப், மோட்டார், வெளிக்குழாய்க்கு 60 ஆயிரம். கூட்டினால் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு; ஏழு என்றே வைப்போம். உடைத்தால்தான் தெரிகிற பழுதுக்கும், இடிபாடு அள்ளும் வண்டி வாடகைக்கும் இருபது சதவீதம் சேர்த்து 8.4 லட்சம்.

ஆக, சதுரத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. தரகர் சொன்ன 'லேசா பெயின்ட்' இதில் ஏழில் ஒரு பங்குகூட முழுசாக வரவில்லை. மேலே போட்ட வீதங்கள் மேஸ்திரிக்கு மேஸ்திரி, தெருவுக்குத் தெரு மாறும். விகிதம் அவ்வளவாக மாறாது. சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதே என்று கேட்கலாம். புது வீடு கட்டுகிறவருக்கு அது தெரியும். பழுதுபார்க்கிற வேலையில் பெரிய பங்கு கொத்தனார், ப்ளம்பர், பெயின்டர் கூலிக்குப் போகிறது.

இதே எட்டுச் சதுரத்தைப் புதிதாகக் கட்ட, சதுர அடிக்கு 2,400 வீதம் 19.2 லட்சம். பழுதுச் செலவு அதில் பாதியைத் தொடாதவரை செப்பனிடலாம். தொட்டுவிட்டால் செப்பனிடுவது, சாகப்போகிற கட்டடத்துக்குப் புதுத் துணி. நம் கணக்கில் அது நாற்பத்து நான்கு சதவீதத்தில் நிற்கிறது. கூரையில் நான்கு திட்டு கம்பி தெரிந்திருந்தால் கோட்டைத் தாண்டியிருக்கும்.

அடுத்து வாடகை. இப்போதைய நிலையில் அந்த வீடு மாதம் 8,000-க்குப் போகும், செப்பனிட்டால் 13,000-க்குப் போகும் என்று வைப்போம். விலை, பதிவுச் செலவு 6.3 லட்சம், பழுது எல்லாம் சேர்ந்து 84.7 லட்சம் முதல். வருட வாடகை 1.56 லட்சம். முதலுக்கு இரண்டு சதவீதம்கூட இல்லை. வங்கி வைப்புநிதிக்காரர் சிரிப்பார். மண் விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் இந்த முதலீட்டின் உயிர். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். பழுதுக்குப் போட்ட பணத்தை மட்டும் தனியாகப் பார்ப்போம். லட்சம் ரூபாய் பழுதுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வாடகை ஏற வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் அளவு. அப்போதுதான் எட்டரை வருடத்துக்குள் போட்டது திரும்பும், அதற்கு முன் அடுத்த பெயின்ட் வந்து நிற்கும். இங்கே வாடகை 5,000 ஏறுகிறது. அப்படியானால் ஐந்து லட்சம் வரை வாடகை சுமக்கும், அதை வாங்குபவர் ஏற்கலாம். மிச்சம் 3.4 லட்சம் விற்பவரின் விலையிலிருந்து கழிய வேண்டும். பேரத்துக்கு இதைவிட நாணயமான எண் கிடையாது. 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க' என்று இழுப்பதைவிட, துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினால் விற்பவரும் மறுக்கத் தயங்குவார்.

இந்தக் கணக்கு வாடகைக்கு வருகிறவரையும் தொடுகிறது. தொழிற்பேட்டையை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வருகிறவர்களுக்கு அறை கிடைத்தால் போதும் என்ற நிலை. காரை விழும் கூரைக்கும் ஆள் வரும் என்பதால் கூரையைத் தொடாமல் சுவரை மட்டும் வெள்ளையடிக்கிற உரிமையாளர்கள் பெருகியிருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், கட்டடத்தின் கட்டமைப்புப் பழுதை உரிமையாளர் பொறுப்பில்தான் வைக்கிறது. வருமான வரிச் சட்டமோ, உண்மையில் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், வாடகை வருமானத்தில் சொத்துவரி போக மீதியில் முப்பது சதவீதத்தைக் கழித்துக்கொள்ள விடுகிறது. பழுதே பார்க்காதவருக்கும் அந்தச் சலுகை உண்டு. மாற்ற வேண்டிய விதி என்று எனக்குப் படுகிறது. யாரும் மாற்றப்போவதில்லை என்பதும் தெரிகிறது.

அடுக்குமாடி என்றால் கணக்கு வேறு. மேல்தளத்து வீட்டின் கூரை ஒழுகினால் அது பொதுச் செலவு. சங்கமே இல்லாத எட்டு வீட்டுக் கட்டடத்தில் பொது என்றால் யாருடையதும் இல்லை. அங்கே பழுதைவிடப் பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவு என்று பார்ப்பதே முதல் வேலை. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் இடித்துக் கட்ட வழி வைத்திருக்கிறது. முகப்பேர், அயப்பாக்கம் பக்கம் வீட்டுவசதி வாரியத்தின் பழைய வீடுகளைப் பார்க்கிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கோப்பில் இருக்கும் தகவல்

அரை மணியில் இவ்வளவும் செய்யலாம் என்றாலும், செய்ய வேண்டிய நிலை ஏன் என்ற கேள்வி நிற்கிறது. கட்டடத்தோடு சேர்த்துச் சொத்தை விற்கும்போது பத்திரத்தோடு இணைப்பு 1-ஏ என்ற படிவம் வைக்க வேண்டும். கட்டடத்தின் வயது, தளவாரியாகப் பரப்பு, கூரை எந்த வகை, மரம் தேக்கா வேறா, மின் வசதி, தண்ணீர் வசதி போன்ற விவரங்கள் அதில் உண்டு. அதை வைத்துப் பொதுப்பணித் துறை விலைவிகிதத்தில் மதிப்புப் போட்டு, வயதுக்குத் தேய்மானம் கழித்து, தீர்வை வசூலிக்கிறார்கள். ஐயம் இருந்தால் நேரில் ஆய்வுக்கும் போகிறார்கள். ஆகக் கட்டடத்தை வேகமாக மதிப்பிடும் முறை அரசிடம் இருக்கிறது. அது வரிக்கு மட்டும் பயன்படுகிறது. பத்திர எழுத்தர் பழைய பத்திரத்தைப் பார்த்து நிரப்புகிறார். கையெழுத்துப் போடும் நாளில்தான் வாங்குபவர் அதைப் பார்க்கிறார், அதையும் படிப்பதில்லை.

அந்தப் படிவத்தில் இன்னும் நான்கு கேள்வி சேர்த்தால் போதும். மொட்டைமாடி கடைசியாக எப்போது செப்பனிடப்பட்டது; கூரையில் எங்காவது கம்பி தெரிந்து பூசப்பட்டதா; 2015-லும் 2023-லும் தண்ணீர் உள்ளே வந்ததா; மேல்தளத்துக்கு அனுமதி உண்டா. விற்பவர் இதற்குப் பதிலெழுதிக் கையெழுத்திட்டு, விற்பனை ஒப்பந்தத்தின்போதே வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இப்படி ஒரு படிவம் நடைமுறையில் இருக்கிறது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55-ஆம் பிரிவிலேயே, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்று இருக்கிறது. ஊதிய கம்பியைப் பட்டி பார்த்து மறைப்பது இதற்குள் வரும். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாதபோது, தெரிந்தே மறைத்தார் என்று பிறகு யார் நிரூபிப்பது? புதுக் கட்டடத்துக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டமைப்புக் குறைக்கு ஐந்து வருடப் பொறுப்பு உண்டு. கைமாறும் பழைய வீட்டுக்கு அந்த நூற்றி நாற்பது வருடத்துப் பிரிவு ஒன்றுதான்.

வங்கி ஏலத்தில் நிலைமை இன்னும் மோசம். கடன் கட்டாத வீடுகளை சர்ஃபேசி சட்டத்தின்கீழ் ஏலம் விடும்போது 'உள்ளது உள்ளபடியே' என்று ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். விலை குறைவு என்று முதலீட்டாளர்கள் அதிகம் மொய்ப்பதும் இந்த ஏலங்களைத்தான். ஏலம் எடுத்தவர் கால்பங்குத் தொகையை அன்றோ மறு வேலைநாளிலோ கட்ட வேண்டும். மிச்சத்துக்குப் பொதுவாகப் பதினைந்து நாள் கெடு. பல வீடுகளைப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிகிறது. குறைந்தபட்ச விலையை முடிவுசெய்யும் முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு விதிகள் வங்கியைக் கட்டாயப்படுத்துகின்றன. ஆக வீட்டைப் பற்றி ஒரு நிபுணர் எழுதிய காகிதம் ஒவ்வொரு ஏலத்திலும் வங்கியின் அலமாரியில் இருக்கிறது. கடன்காரரின் தனிப்பட்ட விவரங்களை நீக்கிவிட்டுக் கட்டடத்தின் நிலையைச் சொல்லும் பக்கங்களை ஏல அறிவிப்போடு வெளியிடச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் ஒரு சுற்றறிக்கை போதும்.